உஷார்! முன்பல்லை யாரிடம் காட்டப் போகிறீர்கள்?

கல்யாணத் தேதி குறித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, பட்டு எடுத்தாயிற்று. கடைசி வாரத்தில்தான் பொண்ணின் முன்பல் இடுக்கு வீட்டார் கண்ணில் படுகிறது. மாப்பிள்ளை வீட்டில், என்றோ பைக்கில் விழுந்து முனை உடைந்த பல் ஞாபகத்துக்கு வருகிறது. "நம்ம பக்கத்துல ஒருத்தர் இருக்காரு, அரை மணி நேரத்துல ஒட்டிவிட்டுருவாரு, ரூவாயும் கம்மி" என்று யாராவது ஒரு சித்தப்பா சொல்கிறார். அங்கேதான் நில்லுங்கள். நெல்லை டவுன் ஆனாலும் பாளையங்கோட்டை ஆனாலும், அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், ஏரல் ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முன்பல்லில் பசை வைத்துப் பூசி இடுக்கை மூடும், உடைந்த முனையை வளர்க்கும் 'பாண்டிங்' நல்ல வைத்தியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1955-ல் அமெரிக்காவின் மைக்கேல் புவோனகோர் பல் எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் பிசின் அதில் இறுகப் பிடிக்கும் என்று காட்டினார். பல் நிறப் பிசினான கம்போசிட்டால் இன்று செய்யும் வேலை எல்லாம் அதன் மேல் எழுந்ததுதான். ஒழுங்காகச் செய்தால் பல்லை அதிகம் ராவ வேண்டாம், பல நேரம் மரத்துப்போகும் ஊசி கூட வேண்டாம்.

ஒழுங்காகச் செய்வது எப்படி என்று தெரிந்தால்தான் ஒழுங்கில்லாததைப் பிடிக்க முடியும். முதலில் பல்லில் சொத்தை இருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்; தேவைப்பட்டால் எக்ஸ்ரே. கறை, காரை சுத்தம் செய்வார்கள். பகல் வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போதே நிறம் தேர்ந்தெடுப்பார்கள். காய்ந்த பல் வெளுத்துத் தெரியும், நிறம் தப்பிவிடும். பிறகு எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்துவார்கள். சுமார் 37 சதவீத அமில ஜெல்லை 15 முதல் 30 வினாடி வைத்துக் கழுவி உலர்த்தும்போது எனாமல் பளபளப்புப் போய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்து மங்கும். அந்த மங்கலைப் பார்த்த பிறகுதான் பசை. அதன் மேல் கம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்கு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். உங்கள் கண்ணுக்கு ஆரஞ்சுக் கண்ணாடி கொடுப்பார்கள். கடைசியில் கடித்துப் பார்க்கச் சொல்லி, இடிக்கும் இடத்தைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். இடையில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் ஒட்டு நிற்காது. இதில் எந்த இடத்தில் அவசரப்படலாம், சொல்லுங்கள்?

பட்டம் இல்லாதவர் செய்வதும் வெளியே இதேபோலத்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. சொத்தையைச் சுரண்டாமல் மேலே பூசி மூடிவிடுவார். பல் வெள்ளையாகச் சிரிக்கும், அடியில் அரித்துக்கொண்டே போகும், ஒரு நாள் ராத்திரி முகம் வீங்கும். இன்னும் மோசமானது, பல்செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக் மாவைக் குழைத்து இடைவெளியில் அப்பி, பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பிடிக்க வைப்பது. அதன் அடியில் பிரஷ் போகாது, நூல் போகாது. ஈறு அழுகும். ஒரு பல் இல்லாமல் போனவர் நல்ல பல் இரண்டையும் சேர்த்து இழப்பார். பல்லை வெளுப்பாக்குகிறேன் என்று அமிலத்தைத் தேய்ப்பவர்களும் உண்டு. ராவிப் போன எனாமல் திரும்ப வளராது. எந்த வயதிலும் வளராது.

இதைவிடப் பயங்கரமானது கண்ணுக்குத் தெரியாதது. 2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களுக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்து 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் சிஎம்சி, ஐசிஎம்ஆர், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது பார்வை போய் விழுந்த இடம் ஒரு சலைன் பாட்டில். சுத்தம் செய்யாத கருவியால் அதைத் திறந்து, அரைகுறையாக மூடி, மறுபடி மறுபடி அடுத்தவர் வாய்க்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2025-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அந்தக் கிருமி ஈர மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. அங்கே போனவர்கள் சாதாரணப் பல் வேலைக்குப் போனவர்கள். பல் பூசும் வேலைக்கு ரத்தம் வராதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அதே நாற்காலி, அதே கண்ணாடி, அதே தண்ணீர்க் குழாய், அதே கைதான் அடுத்தடுத்த வாய்க்குள் போகிறது.

அதனால் வாயைத் திறக்கும் முன் கண்ணைத் திறங்கள். கருவிகள் உறையிட்ட பையில் இருந்து உங்கள் முன்னால் பிரிக்கப்படுகின்றனவா? கையுறை புதிதா? நீராவியில் கருவிகளின் கிருமியை நீக்கும் ஆட்டோகிளேவ் எங்கே என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரின் நாற்காலியில் இருந்து எழுந்துவிடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

போர்டில் பிடிஎஸ் அல்லது எம்டிஎஸ் என்ற பட்டமும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பதிவில்லாமல் பல் வைத்தியம் பார்க்கக்கூடாது என்பது 1948-ல் வந்த சட்டம் முதலே உள்ள விதி. பல்செட் செய்து கொடுக்கும் டெக்னீஷியன் தன் தொழிலில் கெட்டிக்காரராக இருக்கலாம். உங்கள் வாய்க்குள் கை வைக்க அவருக்கு உரிமை கிடையாது. அழகு நிலையத்துக்கும் கிடையாது. பில் வாங்குங்கள். காசு கொடுத்துப் பெறும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பில் இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் எதைக் காட்டுவீர்கள்? கையில் காசு இல்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குப் போங்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நிற்கலாம்.

கல்யாணத்துக்குக் கடைசி வாரம் வேண்டவே வேண்டாம். பல்லை வெளுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரமாவது விட்டுத்தான் பாண்டிங் செய்ய வேண்டும். வெளுத்த கையோடு பூசினால் ஒட்டு பலமாக நிற்காது. பூசிய பிறகு வெளுக்கலாம் என்றால் கம்போசிட்டின் நிறம் மாறாது, பல் மட்டும் மாறி இரண்டும் தனித்தனியாகத் தெரியும். நல்ல வேலையும் ஆயுசு முழுக்க வராது. சில வருஷத்துக்கு ஒரு முறை மெருகேற்றவோ மாற்றவோ வேண்டிவரும். ஆத்தூர் வெற்றிலையைப் பாக்கோடு மென்றுகொண்டே இருந்தால் அதற்கும் முன்னாலேயே ஓரம் செந்நிறமாகும். பொங்கலுக்குப் பனங்கிழங்கு நாரை முன்பல்லால் இழுக்கிற பழக்கம் இருந்தால் அன்றைக்கே பெயர்ந்து வரலாம். கடைவாய்ப் பல்லுக்குக் கொடுங்கள்.

பிள்ளை விழுந்து பல் உடைந்தால் துண்டைத் தேடி எடுத்துப் பாலிலோ தண்ணீரிலோ போட்டு அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள். பல நேரம் அதே துண்டையே ஒட்டிவிட முடியும். வீட்டில் இருக்கும் பெவிகுவிக்கை மட்டும் எடுக்காதீர்கள்.

ஏற்கனவே யாரிடமோ ஒட்டிவிட்டீர்களா? ஈறில் ரத்தம், கூச்சம், வாய் நாற்றம் இருந்தால் பட்டம் பெற்ற பல் டாக்டரிடம் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், இந்த வாரமே. தாடைக்குக் கீழே வீங்கி, விழுங்கவோ வாயைத் திறக்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே அவசர சிகிச்சைப் பிரிவு. பல் வேலைக்குப் பிறகு காய்ச்சலும் தலைவலியும் விடாமல் இருந்து, பார்வை மங்கினாலோ பேச்சு குழறினாலோ அப்போதும் அப்படியே. எங்கே, எந்தத் தேதியில் பல்லைக் காட்டினீர்கள் என்பதை அங்கே போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.