நெஞ்செரிச்சலும் கரையும் பற்களும்



சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளர் பலர், "மருந்து பட்டுப் பட்டுப் பல் தேய்ந்துபோயிற்று" என்று சொல்லிக்கொண்டு நமது பல் மருத்துவப் பிரிவுக்கு வருகிறார்கள். மருந்து என்று அவர்கள் சொல்வது வெடிமருந்தை. அந்தத் தூசி உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் மேல்வரிசை முன்பற்களின் உட்புறம், அதாவது நாக்குப் பக்கம், வழவழப்பாய்க் கரைந்து மஞ்சளாகத் தெரியுமானால், நமது டாக்டர்கள் முதலில் விசாரிப்பது நெஞ்செரிச்சலைத்தான்.

உணவுக்குழாயின் அடியில் ஒரு தசைவளையம் உண்டு. அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலேறி வாய்வரை வந்துவிடும். எனாமல் நம் சரீரத்திலேயே மிகக் கடினமான பொருள், எனினும் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கும். இரைப்பை அமிலத்தின் அளவோ 1 முதல் 2 வரைதான். எண் குறையக் குறைய அமிலம் கடுமை. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவிலே சேதம் அதிகம். முறிந்த எலும்பு கூடும். கரைந்துபோன எனாமல் திரும்ப வளராது.

விடியுமுன் கம்பெனி வேன் வந்துவிடும். வெறும் வயிற்றில் டீ, எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அவசரச் சாப்பாடு, இரவில் வயிறு நிறைய உண்டவுடன் படுக்கை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை நாங்கள் பழிக்கவில்லை, எங்களுக்கும் அது பிரியமே! பத்து மணிக்கு அதைத் தின்று பத்தரைக்குப் படுப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம். உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் நல்லது. புகையிலையை விட்டுவிடுங்கள். "வாயு" என்று எலுமிச்சை சோடா குடிப்பது பல்லுக்கு இரட்டைக் கேடு.

புளித்த நீர் வாய்க்கு வந்தவுடனே பல் துலக்குவது பலருடைய வழக்கம். இது தவறு. அப்போது எனாமல் மிருதுவாயிருக்கும்; உமிக்கரியோ செங்கல் பொடியோ போட்டுத் தேய்த்தால் சேர்ந்தே போய்விடும். தண்ணீரில் சிறிது சமையல் சோடா கலந்து வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்து, மென்மையான பிரஷ்ஷும் ஃபுளோரைடு பேஸ்ட்டும் கொண்டு துலக்குங்கள். மசக்கையில் வாந்தியெடுக்கும் தாய்மாருக்கும் இதுவே முறை.

விழுங்கும்போது உணவு அடைத்தாலும், மலம் கறுத்துப் போனாலும், உடல் மெலிந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் வாருங்கள். வியர்வையுடன் கைக்குப் பரவும் நெஞ்சுவலியை எரிச்சல் என்று எண்ணிவிடாதிருங்கள். அது இருதய நோயாக இருக்கலாம்.

கரைந்த பல்லைப் பல் நிறப் பொருளால் மூடிக் காப்பாற்றலாம். ஆனால் பலமுறை வர வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகும். ஆகவே, "பிடுங்கிவிடுங்கள் ஐயா" என்று கேட்கிறவர்கள் உண்டு. முப்பது வயதில் முன்பல் இழக்கும் இந்தச் சகோதரிகளுக்காக ஜெபியுங்கள். இந்தச் சிகிச்சைக்கென்று காணிக்கை அனுப்ப விரும்புகிறவர்கள் "பல் சிகிச்சை நிதி" என்று குறித்து அனுப்பும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.