உங்களுக்குத் தெரியுமா? மரபணு ஆலோசனை மையத்துக்கும் பதிவு கட்டாயம்!

சொந்தத்தில் கல்யாணம் முடித்த கூடங்குளத்துத் தம்பதி, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பரம்பரை நோய் வருமோ என்று ஆலோசனை கேட்கப் போகிறார்களா? 1994-ம் ஆண்டின் கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளலாம்.

● மரபணு ஆலோசனை மையத்தைப் பதிவு செய்தே நடத்த வேண்டும். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

● பதிவுச் சான்றிதழ் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும்.

● கருவில் பரம்பரை நோய் அறியும் சோதனைக்கு முன், பக்கவிளைவுகளை விளக்கி, கர்ப்பிணிக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும். தமிழ்ப் படிவத்தைத் தயங்காமல் கேளுங்கள்.

● கருவின் பாலினத்தைச் சைகையால்கூடத் தெரிவிக்கக் கூடாது.

● இங்கே மையத்துக்குப் பதிவு என்றால், அமெரிக்காவில் மரபணு ஆலோசகருக்கே உரிமம் தரும் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் கலிஃபோர்னியா, ஆண்டு 2000.