திராஸ் குளிரில் லாரிக்கு என்ன எண்ணெய்?

மார்கழிக் காலை. எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்து, வெள்ளை வெளேரென்று நின்றது. அதை வெயிலில் வைப்பதா, அடுப்புப் பக்கத்தில் வைப்பதா என்று என் மனைவி யோசித்துக் கொண்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்து, பேப்பர் வாங்கிப் போக அடுத்த வீட்டு அண்ணன் வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பாட்டிலைப் பார்த்ததும் சிரித்து விட்டார்.

"இதுக்கே இந்தப் பாடா, தம்பி? லடாக்கிலே ராத்திரி நிறுத்தின லாரிக்குள்ளே, அடியிலே இருக்கிற எண்ணெய் பூரா இப்படி நின்னா என்ன செய்வீங்க? அதை எந்த அடுப்புப் பக்கத்திலே வைப்பீங்க?"

பேப்பர் மடித்தபடியே கிடந்தது. காப்பி இரண்டு தடவை வந்தது. நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலை 11,575 அடி உயரத்தில் ஸோஜி லா கணவாயைக் கடக்கிறது. கடந்ததும் வருகிற ஊர் திராஸ். குளிர்காலத்தில் அங்கே சைபருக்குக் கீழே 20 டிகிரி என்பது பேசத் தகுந்த விஷயமே அல்ல. அதற்கும் கீழே போகும்போதுதான், "இன்றைக்குக் கொஞ்சம் குளிர்" என்பார்களாம்.

"லாரி எண்ணெய்க்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் சகோதரிகள் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். இந்த விஷயத்தில் பாதி அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். தேங்காய் எண்ணெய் உறைந்த அதே அலமாரியில் நல்லெண்ணெய் உறையாமல் இருந்ததே, கவனித்தீர்களா? எல்லா எண்ணெயும் ஒரே குளிரில் உறைவதில்லை. லாரிக்கு எண்ணெய் தேர்ந்தெடுப்பதன் ரகசியமும் அங்கேதான் இருக்கிறது.

என்ஜினுக்குள் இரும்பு இரும்போடு உராயாமல் காப்பது மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம். வண்டி நின்றதும் எண்ணெய் எல்லாம் வடிந்து அடித் தொட்டியில் சேர்ந்துவிடும். மறுநாள் கிளப்பும்போது, ஒரு சிறு பம்பு அதை உறிஞ்சி மேலே அனுப்ப வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் எடுக்கும் அதே கச்சா எண்ணெயிலிருந்து வருவது சாதாரண என்ஜின் ஆயில். அதில் கொஞ்சம் மெழுகு கலந்திருக்கும். கடுங்குளிரில் அந்த மெழுகு உறைந்து எண்ணெயைப் பிடித்துக் கொள்கிறது.

அப்போது இரண்டு கஷ்டம் வரும். ஒன்று, என்ஜினைச் சுழற்றவே முடியாது; பாட்டரிக்கும் குளிரில் பாதி பலம் போய்விடும். இதை அண்ணன் "நல்ல கஷ்டம்" என்கிறார். ஓடாத என்ஜின் கெடாதல்லவா? இரண்டாவதுதான் ஆபத்து. எப்படியோ என்ஜின் கிளம்பிவிடும். எண்ணெய் மட்டும் மேலே வராது.

அப்படி ஒன்றை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரு நவம்பர் கடைசி. கணவாய் மூடுவதற்குள் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்று சமவெளியிலிருந்து ஒரு தனியார் லாரி வந்தது. ஓட்டி வந்தவன் இருபது வயசுப் பையன். தகப்பனார் கடன் வாங்கி எடுத்துக் கொடுத்த வண்டி. உள்ளே இருந்தது ஊரில் கோடைக்கு ஊற்றிய கெட்டி எண்ணெய். காலையில் வண்டி கிளம்பவில்லை. பையன் வேறொரு வண்டியின் பாட்டரியைச் சேர்த்து எப்படியோ கிளப்பிவிட்டான். கிளம்பிவிட்டதே என்ற சந்தோஷத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தான். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் அசையவே இல்லை. "நிறுத்து, நிறுத்து!" என்று இவர் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் உள்ளே 'கடகட'வென்று ஒரு சப்தம். பிறகு நிசப்தம். பேரிங்குகள் தீய்ந்து என்ஜின் இறுகிவிட்டது.

"அந்தப் பையன் பனியிலே அப்படியே உட்கார்ந்துட்டான், தம்பி. அழக்கூட இல்லை."

பம்பு உறிஞ்சிய இடத்தில் எண்ணெயில் ஒரு குழி விழுந்திருக்கும். குழியை நிரப்பச் சுற்றியுள்ள எண்ணெய் ஓடி வரவில்லை. பிறகு பம்பு உறிஞ்சியதெல்லாம் வெறுங்காற்று.

அனுபவமில்லாத பையனுக்குத்தான் இப்படி நேரும் என்று நினைக்க வேண்டாம். 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் சூ ஃபால்ஸ் என்ற ஊரில் பல என்ஜின்கள் இதே மாதிரி கெட்டன. அவற்றில் இருந்தது பரீட்சையில் தேறிய எண்ணெய்! காரணத்தைத் தேடியபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. வெண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும்: நெய்யை மெள்ள ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். அந்த ஊரிலும் குளிர் மெள்ள மெள்ள இறங்கியதால், மெழுகு நிதானமாக வலை பின்னிவிட்டது. பரீட்சைச் சாலையில் எண்ணெயைச் சீக்கிரமாகக் குளிர வைத்தார்கள்; வலை பின்ன நேரமில்லை. அதன் பிறகு பரீட்சையையே மாற்றி, ஏறக்குறைய இரண்டு நாள் ஆறவிட்டுச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

சரி, டப்பாவைப் பார்த்து எப்படித் தேர்ந்தெடுப்பது? நம் ஊர் லாரிகளில் அதிகம் ஊற்றுவது '15 டபிள்யூ 40'. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சின்னதாக ஆக, அதிகக் குளிரிலும் எண்ணெய் ஓடும். 15 என்றிருந்தால், சைபருக்குக் கீழே 25 டிகிரி வரையில் பம்பு அதைத் தள்ள முடியும் என்று சோதித்திருக்கிறார்கள். 10 என்றால் 30 டிகிரி; 5 என்றால் 35; சைபர் என்றே போட்டிருந்தால் 40. ஆனால் என்ஜினைச் சுலபமாகச் சுழற்றுவதற்கான எல்லை, ஒவ்வொன்றிலும் இதற்கு 5 டிகிரி முன்னாலேயே வந்துவிடும். திராஸில் குளிர்காலத்தைக் கழிக்கும் லாரிக்கு 5 டபிள்யூ 40 தேவை. ஒன்றிரண்டு டிகிரி மிச்சம் வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது.

"அவ்வளவு நீர்த்த எண்ணெய் மலை ஏறும்போது தாங்குமா?" என்று நான் கேட்டேன். பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டாம். பின்னால் உள்ள 40 என்ற எண் என்ஜின் சூடான பிறகு உள்ள கெட்டியைச் சொல்வது. சூட்டில் 5 டபிள்யூ 40-ம் 15 டபிள்யூ 40-ம் ஒரே வகுப்புதான். சின்ன எண் உள்ள எண்ணெய்களைப் பெரும்பாலும் மெழுகில்லாத செயற்கை எண்ணெயில் தயாரிப்பதால் விலைதான் கூடுதல். ஒரு புது என்ஜினின் விலையை அந்தப் பையனின் தகப்பனாரைக் கேட்டால் சொல்வார். டப்பாவில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டீசல் என்ஜினுக்கான தரம், ஆங்கில எழுத்தில் 'சி' என்று ஆரம்பிக்கும். அந்த வண்டிக்காரக் கம்பெனி புத்தகத்தில் சொல்லியிருக்கும் தரமே இருக்க வேண்டும்.

இதைவிடக் குளிரான தேசங்களில் எண்ணெயை மட்டும் நம்புவதில்லை. கானடாவில் வண்டிகளின் முகத்தில் ஒரு மின்சார வயர் தொங்கும். ராத்திரி அதைப் பிளக்கில் மாட்டி என்ஜினைச் சூடாக வைப்பார்கள். 1941-ல் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மன் படைகள், எண்ணெய் உறைந்துபோய் என்ஜின்களுக்கு அடியில் தீ மூட்டின. ரஷ்யர்களோ முதல் நாள் இரவே எண்ணெயில் பெட்ரோலைக் கலந்து இளக்கி வைத்தார்கள். என்ஜின் சூடானதும் பெட்ரோல் ஆவியாகிவிடும். இன்றைய என்ஜினில் இந்தக் கைவைத்தியம் கூடாது.

எண்ணெய் சரியாக இருந்து, டீசல் உறைந்துபோவதும் உண்டு. அதற்காக 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்றே சைபருக்குக் கீழே 33 டிகிரி வரையில் உறையாத டீசலை அறிமுகம் செய்தது. எங்கள் அண்ணன் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

இப்போது அவர் ஓட்டுவது ஒரு சின்னக் கார். அண்ணியைக் கோயிலுக்கு அழைத்துப் போவார். சாவியைத் திருப்பியதும், முப்பது எண்ணி முடிக்கும் வரை கியரைத் தொடமாட்டார்.

"சென்னையிலே எதுக்குங்க இது? உச்சிகாலப் பூஜையே முடிஞ்சிடும்!" என்று அண்ணி சலித்துக் கொள்வது எங்கள் வீட்டுத் திண்ணை வரை கேட்கும். அண்ணன் பதில் பேசமாட்டார். அவர் அப்போது இருபத்திரண்டிலோ இருபத்து மூன்றிலோ இருப்பார்.