ஸ்டாம்ப், கார்டு எல்லாம் போச்சு... இனி லைப்ரரியன் யார்?

லைப்ரரியன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ரப்பர் ஸ்டாம்ப், மரப்பெட்டியில் அடுக்கிய கேட்லாக் கார்டு... இரண்டுமே இப்போ விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன. அப்படின்னா அந்த நாற்காலியில் இருப்பவர், 'என் வேலை இது' என்று எதைச் சொல்வார்?

என்ன மாறியது?

1971 முதல் 190 கோடிக்கும் அதிகமான கார்டுகளை அச்சிட்ட அமெரிக்காவின் ஓசிஎல்சி அமைப்பு, 2015 அக்டோபர் 1-ல் அதை நிறுத்தியது. நியூசிலாந்தில் 2000-ல் பயன்பாட்டுக்கு வந்த 'கோஹா' என்ற இலவச நூலக மென்பொருள், இந்திய நூலகங்கள் வரை வந்துவிட்டது. ஆர்எஃப்ஐடி வசதி உள்ள நூலகங்களில், மெஷினில் புத்தகத்தை வைத்து வாசகரே பதிவு செய்து எடுத்துப் போகலாம்.

இதில் அடையாளச் சிக்கல் எங்கே?

ஒரு புத்தகம் எதைப் பற்றியது, எந்த எண்ணில், எந்த அலமாரியில் வரணும்? இதை முடிவு செய்வது, படித்துப் பழகிய தனித்திறமை. இப்போ ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால், பல புத்தகங்களுக்கு வேறொரு நூலகம் தயாரித்த பதிவே இறங்கிவிடும். நேரம் மிச்சம்தான். ஆனால் 'இது நான் செஞ்சது' என்று சொல்ல இருந்த வேலை குறைகிறது. பதிலுக்கு பாஸ்வேர்டு, பிரின்ட் அவுட், மெஷின் கோளாறு என்று வேறு வேலைகள் சேர்கின்றன.

எண்ணப்படாத வேலை

எத்தனை புத்தகம் போனது, வந்தது என்று மென்பொருள் எண்ணும். 'குரூப் 4-க்கு எதிலிருந்து படிக்கணும்?' என்று கேட்டவருக்குப் பத்து நிமிடம் வழிகாட்டியது அந்தக் கணக்கில் வராது. கணக்கில் வராத வேலை, நாளடைவில் வேலையே இல்லை என்று ஆகிவிடும். மேலதிகாரிக்கு மட்டுமல்ல, செய்பவருக்கே அப்படித் தோன்றும்.

ரங்கநாதன் விதி என்ன சொல்லுது?

1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் ஐந்து நூலக விதிகளை வெளியிட்டார். அவற்றில் ஸ்டாம்பும் இல்லை, கார்டும் இல்லை. வாசகருக்கு ஏற்ற புத்தகத்தைச் சேர்ப்பது, அவர் நேரத்தை மிச்சப்படுத்துவது, வளர்ந்துகொண்டே இருப்பது என்றுதான் அவை பேசுகின்றன. அந்த வகையில் மெஷின், நூலகருக்கு எதிரி இல்லை.

ஆனால் மெஷின் மிச்சம் பிடித்துத் தரும் நேரம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. வாசகரோடு பேசப் போனால் நூலகர் நூலகராகவே இருப்பார். ஆள் குறைக்கப் போனால், கவுன்ட்டரில் மெஷின் மட்டும்தான் இருக்கும்.