குருத்தைக் காய வைக்கும் மஞ்சள் அந்துப்பூச்சி

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என எந்தப் பட்டத்தில் நெல் நட்டாலும் தேடி வருகிறது ஒரு சிறு அந்துப்பூச்சி. நெல்லின் மஞ்சள் தண்டுத் துளைப்பான் அது. உழவர்கள் குருத்துப்பூச்சி என்பார்கள். பிரான்சிஸ் வாக்கர் 1863-இல் விவரித்த இந்த இனத்தின் இன்றைய அறிவியல் பெயர் சிர்போபேகா இன்செர்டுலாஸ். இரவில் வெளிச்சத்தை நாடி வரும். எனவே கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயலை ஒட்டிய ஆலை விளக்கடியிலும் இதைத் தேடிப் பார்க்கலாம்.

பெண் பூச்சி இறக்கை விரித்தால் ஏறத்தாழ 3 செ.மீ. மஞ்சள் நிற முன்னிறக்கை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. வால் நுனியில் மயிர்க்கற்றை. ஆண் இன்னும் சிறியது, பழுப்பு நிறம், புள்ளி மங்கல். ஆகவே இரண்டையும் வேறு வேறு இனம் என்று எண்ணிவிடுவது எளிது. இறக்கையில் அலைபோன்ற கருங்கோடுகள் இருந்தால் அது இலைச்சுருட்டுப் புழுவின் அந்து.

பெண் பூச்சி இலை நுனியருகே முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வால் மயிரால் மூடிவிடும். ஒரு வாரத்தில் பொரியும் புழுக்களில் பல, நூல்விட்டுத் தொங்கிக் காற்றோடு அடுத்த தூருக்குப் போகும். தண்டைத் துளைத்து உள்ளே நுழைந்துவிட்டால் மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. இளம்பயிரில் நடுக்குருத்து காயும். இழுத்தால் கையோடு வந்துவிடும். கதிர்ப் பருவத்தில் தாக்கினால் மணி பிடிக்காத வெண்கதிர்தான் மிஞ்சும்.

ஆகையால் இதை வெல்லும் காலம் முட்டைப் பருவம்தான். முட்டைக் குவியலோடு வயலுக்குப் போய்விடாமல் நாற்றின் நுனியைக் கிள்ளி நடுகிறார்கள். டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்னும் நுண்குளவி, துளைப்பானின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும். நட்ட 30, 37-ஆம் நாள்களில் இதை வயலில் விடுவது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அறுவடை முடிந்ததும் தாளடியை உழுதுவிட்டால் அதில் பதுங்கிய புழுக்கள் சாகும்.

பயிரின் பக்கமிருந்தும் ஒரு விடை இந்த மாவட்டத்திலேயே பிறந்தது. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டிகேஎம் 6 ரகம் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் இயல்புடையது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பெற்றோராகக் கொண்டுதான் 1969-இல் ஐஆர் 20 ரகத்தை வெளியிட்டது. எதிர்ப்புத்திறன் எந்தப் பயிரையும் முழுதாகக் காத்துவிடாது. கரும்புள்ளி மஞ்சள் அந்து கண்ணில் பட்ட வாரமே இலை நுனிகளில் முட்டைக் குவியலைத் தேடும் உழவருக்கே அதன் முழுப் பயனும் கிடைக்கும்.