பாறை வளைவும் பாழ்நகரங்களும்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்கில், அட்லாண்டிக் பெருங்கடலை அடுத்துள்ள நாடு நமீபியா. அதன் கடற்கரை நெடுகிலும் நமீபுப் பாலைவனம் பரந்து கிடக்கின்றது. அங்கே லூடரிட்ஸ் துறைமுகத்திற்குத் தெற்கே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், இயற்கை அமைத்த வாயில் ஒன்று கடலோரத்தில் உயர்ந்து நிற்கின்றது. 55 மீட்டர் உயரமுள்ள அதனைப் போகன்பெல்ஸ் என்பர். ஜெர்மன் மொழியில் அதற்கு ‘வளைவுப் பாறை’ என்பது பொருள்.

இவ்வளைவைச் செதுக்கிய சிற்பி கடலே. கடலுள் நீண்டிருந்த பாறை முனையை அலைகள் ஓயாது மோதின. பாறையின் வெடிப்புகள் நாளடைவில் அகன்று குகையாயின. குகை மறுபுறம்வரை துளைபட்டு வளைவாயிற்று. மெலிந்த பகுதி கரைந்தது. வலிய பகுதி நிலைத்தது.

இவ்வளைவுக்கு வடக்கேயுள்ள பாலை நிலத்தில் மனிதர் விட்டுச்சென்ற சுவடுகளும் உள்ளன. அந்நாடு ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த 1908-ஆம் ஆண்டில், லூடரிட்ஸ் அருகே இருப்புப்பாதையில் படிந்த மணலை அகற்றிக்கொண்டிருந்தார் சக்கரியாஸ் லெவாலா என்னும் தொழிலாளி. அவர் ஒளிவிடும் கல் ஒன்றைக் கண்டெடுத்துத் தம் மேலாளர் ஆகஸ்டு ஸ்டௌக்கிடம் கொடுத்தார். அது வைரம்! ஸ்டௌக் பெருஞ்செல்வரானார், லெவாலாவுக்கோ பரிசு ஒன்றும் கிட்டவில்லை.

பாலைவனத்தில் வைரம் வந்தது எவ்வாறு? ஆரஞ்சு ஆறு உள்நாட்டிலிருந்து வைரங்களைக் கடலுக்குக் கொணர்ந்தது. அலைகளும் நீரோட்டமும் அவற்றை வடக்கே தள்ளிக் கரை சேர்த்தன. காற்று நுண்மணலை வாரிச் செல்ல, வைரங்கள் தரைமீதே கிடந்தன.

செய்தி பரவவே, கோல்மன்ஸ்காப், பொமோனா முதலிய ஊர்கள் விரைந்து எழுந்தன. நன்னீர் அரிதான கோல்மன்ஸ்காப்பில் மருத்துவமனையும் பனிக்கட்டி ஆலையும் விளங்கின. ஆயினும் 1928-ஆம் ஆண்டில் ஆரஞ்சு ஆற்றின் முகத்துவாரத்தருகே இன்னும் வளமிக்க வைரப் படிவுகள் கண்டறியப்பட்டன. மக்கள் அங்கே பெயர்ந்தனர். 1956-க்குள் கோல்மன்ஸ்காப் ஆளற்றுப் போயிற்று. இன்று அதன் கூடங்களில் மணலே குடியிருக்கின்றது. ஸ்டௌக் ஈட்டிய பெருஞ்செல்வமும் அவரிடம் நிலைக்கவில்லை.

வைரங்களைக் காக்கவே 1908-இல் அந்நிலப்பகுதி மக்கள் நுழையாவண்ணம் அடைக்கப்பட்டது. அத்தடையே அங்குள்ள அரிய செடிகொடிகளுக்கும் அரணாயிற்று. 2008-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆசையால் எழுந்த நகரங்கள் அரை நூற்றாண்டும் நிலைக்கவில்லை. அலைகள் பொறுமையுடன் செதுக்கிய வளைவோ இன்றும் நிற்கின்றது. அதனையும் ஒருநாள் கடல் வீழ்த்தும். ஆக்குவதும் அழிப்பதும் இயற்கைக்கு ஒரே தொழில் என்பதை அப்பாறை நமக்கு உணர்த்துகின்றது.