பனிக் கண்டத்தில் பறக்க யாரிடம் அனுமதி கேட்பது?

அண்டார்க்டிகாவுக்குச் செல்லும் ஒரு கப்பலில் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் கம்பளி உடைகளோடு ஒரு சிறிய ட்ரோனும் இருக்கிறது. எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. நான்கு விசிறிகள், ஒரு காமிரா. பெங்குவின் கூட்டத்தை மேலிருந்து படம் எடுத்துவந்து நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது உங்கள் ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது?

நம் ஊரில் என்றால் விடை எளிது. காட்டுக்குள் போக வனத்துறை, விமான நிலையத்தின் அருகே பறக்கவிட விமானப் போக்குவரத்துத் துறை. அண்டார்க்டிகாவிலோ அரசாங்கம் இல்லை, காவல் நிலையம் இல்லை, சுங்கச் சாவடியும் இல்லை. இந்தியாவைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புள்ள அந்தக் கண்டத்துக்குச் சில நாடுகள் உரிமை கோரியதுண்டு. ஆனால் 1959-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் ஒப்பந்தம் அந்தக் கோரிக்கைகளை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டது. தென் அட்சரேகை 60 பாகைக்குத் தெற்கே உள்ள பகுதி முழுவதும் அமைதிக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது என்றாயிற்று. இந்தியா 1983-இல் இதில் சேர்ந்தது.

இங்கேதான் ஒரு சுவையான ஏற்பாடு இருக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லாததால், ஒவ்வொரு நாடும் தன் மக்களையும் தன் மண்ணிலிருந்து புறப்படும் பயணங்களையும் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. அதாவது, வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்குப் போகும் பிள்ளையை அவனுடைய தாயாரே வாசலில் நிறுத்தி, "என்ன கொண்டு போகிறாய்? அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பதைப் போன்றது இது. நம் நாடாளுமன்றமும் 2022-இல் இந்திய அண்டார்க்டிக் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி இந்தியாவிலிருந்து அங்கே செல்லும் பயணக்குழு அனுமதி பெற்றாக வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள வேறொரு நாட்டின் அனுமதி ஏற்கெனவே இருந்தால் அது போதும். புவி அறிவியல் அமைச்சகச் செயலாளரின் தலைமையில் அமைந்த ஒரு குழு இந்த விண்ணப்பங்களைப் பார்க்கிறது.

அனுமதிக்கு அளவுகோல் எது? 1991-இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் நெறிமுறை அதைச் சொல்கிறது. எந்த வேலையானாலும், சுற்றுலாவானாலும், தொடங்குமுன் அதன் பாதிப்பை எடைபோட வேண்டும். பாதிப்பு "சிறியது அல்லது தற்காலிகமானது" என்னும் அளவுக்கும் குறைவானால் தொடங்கிவிடலாம். அந்த அளவை எட்டுமானால் ஒரு தொடக்கநிலை அறிக்கை எழுத வேண்டும். அதை மிஞ்சுமானால் விரிவான அறிக்கை எழுதி எல்லா நாடுகளின் பார்வைக்கும் வைக்க வேண்டும். இவை தவிர, பறவைகளையும் சீல்களையும் தொல்லைப்படுத்தும் எந்தச் செயலுக்கும் தனி அனுமதி வேண்டும். சிறப்புப் பாதுகாப்புப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றிக் காலடி வைக்கவே கூடாது.

ஒரு கிலோகூட இல்லாத விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். பெங்குவினின் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

பெங்குவின் குஞ்சுகளுக்கும் முட்டைகளுக்கும் ஆபத்து வானத்திலிருந்துதான் வருகிறது. ஸ்குவா என்னும் கடற்பறவை மேலே வட்டமிட்டு, தாய் சற்று அசந்தால் கீழே பாய்ந்து கொத்திக்கொண்டு போய்விடும். ஆகவே தலைக்கு மேலே எது மிதந்தாலும் பெங்குவினுக்கு அது எச்சரிக்கை. சில வேளைகளில் பறவை அசையாமல் நிற்கும்; பார்ப்பவர் "இதற்கு ஒன்றும் பயமில்லை" என்று நினைத்துக்கொள்வார். குரோசே தீவுகளில் அரச பெங்குவின்களிடம் செய்த ஆய்வில், வெளியே பெரிய மாற்றம் எதுவும் காட்டாத பறவைகளின் இதயத் துடிப்பு ட்ரோன் நெருங்கியபோது ஏறியது தெரியவந்தது. அடைகாக்கும் பறவை வாரக்கணக்கில் உண்ணாமல் உடம்பிலுள்ள கொழுப்பை எரித்தே காலந்தள்ளுகிறது. வீணாகத் துடிக்கும் ஒவ்வொரு துடிப்பும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் போகிறது.

கூட்டம் மிரண்டு ஓடினால் நிலைமை இன்னும் மோசம். மக்குவாரித் தீவு ஒப்பந்த எல்லைக்குச் சற்று வடக்கே, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அங்கே 1990-இல் ஏறத்தாழ 7,000 அரச பெங்குவின்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூச்சுத் திணறி இறந்து கிடந்தன. பெரிய விமானம் ஒன்று தாழப் பறந்ததில் மிரண்டிருக்கலாம் என்று ஐயுற்றார்கள். ட்ரோன் அத்தனை பெரிதன்று, உண்மைதான். ஆனால் விமானம் செல்லாத உயரத்திலும் நெருக்கத்திலும் ட்ரோன் செல்லும்.

ஒலியைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது நம் பாடத்தில் வருவது. ஒலியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருப்பீர்கள். 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோனை 20 மீட்டருக்கு இறக்கினால் தொலைவு ஐந்தில் ஒரு பங்காகிறது. கீழே உள்ள பறவையின் காதில் விழும் செறிவு 25 மடங்காகிறது. "இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் படம் நன்றாக வரும்" என்பதன் விலை இது.

பனிப்பரப்பின் மேல் இன்னொரு சங்கதியும் உண்டு. மார்கழி விடியற்காலையில் அடுத்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கி நம் ஊரிலேயே பாடுவதைப் போல் கேட்கும் அல்லவா? நண்பகலில் அது கேட்பதில்லை. காரணம், விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. வெப்பநிலை ஒரு பாகை கூடினால் ஒலியின் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். ஆகவே ஒலியலையின் மேற்பகுதி முந்திச் செல்ல, அலை முழுவதும் தரையை நோக்கி வளைகிறது. துருவப் பகுதியில் இந்த மார்கழி விடியல் நாள் முழுவதும்கூட நீடிப்பதுண்டு. 1824-25-இல் வடதுருவப் பகுதியில் பாரி என்பவரின் கப்பற்குழுவில் இருந்த ஃபாஸ்டர், உறைந்த துறைமுகத்துக்கு அப்பால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் நின்ற மனிதரோடு பேசிக்கொண்டிருந்ததாகக் குறித்திருக்கிறார். மனிதக் குரலே அத்தனை தூரம் செல்லும் இடத்தில், நான்கு விசிறிகளின் ரீங்காரம் எவ்வளவு தூரம் செல்லும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி ட்ரோனின் பக்கத்துக்கு வருவோம். அதற்கும் அங்கே சுகமில்லை.

அதன் உயிர் லித்தியம் அயனி மின்கலத்தில் இருக்கிறது. மின்னோட்டம் பாய வேண்டுமானால் மின்பகுபொருளின் ஊடே அயனிகள் நகர வேண்டும். குளிரில் தேங்காய் எண்ணெய் குப்பியிலிருந்து இறங்க மறுப்பதைப் போல, அயனிகளின் நகர்ச்சியும் மந்தமாகிறது. அதாவது அகமின்தடை கூடுகிறது. மின்கலத்தின் மின்னியக்குவிசையிலிருந்து, மின்னோட்டத்தை அகமின்தடையால் பெருக்கிவந்த தொகையைக் கழித்தால் கிடைப்பதுதான் வெளியே கிடைக்கும் மின்னழுத்தம். எதிர்காற்றில் விசிறிகள் அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது இந்த மின்னழுத்தம் திடீரெனச் சரிகிறது. பாதிக்கு மேல் மின்சாரம் இருப்பதாக ஒரு நிமிடம் முன்பு காட்டிய கருவி, மறு நிமிடம் தானாகவே கீழே இறங்கத் தொடங்கிவிடும். கீழே கடலா, பனிப்பிளவா என்று அது பார்க்காது.

எதிர்காற்று என்றேன். அண்டார்க்டிகாவின் நடுப்பகுதி ஓர் உயர்ந்த பனிமேடு. அங்கே குளிர்ந்து அடர்த்தி கூடிய காற்று, மலைச்சரிவில் தண்ணீர் ஓடுவதைப்போல் கடற்கரையை நோக்கிப் பாய்கிறது. 1912-13-இல் மாசன் குழுவினர் தங்கியிருந்த டெனிசன் முனையில் ஆண்டுச் சராசரிக் காற்று வேகமே மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் இருந்தது. சிறிய ட்ரோன்கள் பலவற்றின் உச்ச வேகமே அவ்வளவுதான். அதற்கு மேல் காற்று வீசினால் ட்ரோன் முழு வேகத்தில் கரையை நோக்கி வந்தபடியே கடலை நோக்கிப் பின்னால் போகும்!

திசை காட்டும் காந்த உணரியின் கதை வேறு. அதற்கு வேண்டியது புவிகாந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு. நம் நாட்டின் தென்கோடியில் காந்த நடுக்கோடு செல்வதால் இங்கே புலம் ஏறக்குறையக் கிடையாகவே இருக்கிறது. தென் காந்த முனையை நெருங்க நெருங்கப் புலம் செங்குத்தாகிவிடும். கிடைத்தளக் கூறு மிகச் சிறிதாகிவிடும். அந்த முனை இப்போது அடேலிக் கரைக்கு அப்பால் கடலில் இருக்கிறது. சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் செல்வது அண்டார்க்டிகத் தீபகற்பத்துக்கு. அது முனையிலிருந்து வெகு தொலைவு. ஆகையால் இந்தத் தொல்லை கிழக்குப் பகுதி ஆராய்ச்சியாளருக்கே அதிகம்.

ஒரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும். குளிர்காற்று அடர்த்தியானது, 35 பாகை வெப்பத்தோடு ஒப்பிட்டால் சுழிக்குக் கீழே 20 பாகையில் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். விசிறிக்கு நல்ல பிடிப்புக் கிடைக்கும். மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்தால் இது சில்லறை இலாபம்.

விழுந்த ட்ரோன் அங்கேயே கிடக்கும். குளிரில் எதுவும் எளிதில் மக்குவதில்லை. எனவே 2018-இல் ஒப்பந்த நாடுகள் ஏற்ற ட்ரோன் வழிகாட்டுதல்கள், புறப்படுமுன் மின்கலம், காற்று, பறவைகளின் இனப்பெருக்கக் காலம் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்பதோடு, இழந்தால் மீட்பது எப்படி என்பதையும் திட்டமிடச் சொல்கின்றன. 1991-இல் தோன்றிய பயண நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம் இன்னும் கண்டிப்பானது: கடலோரப் பகுதிகளில் பொழுதுபோக்குக்காக ட்ரோன் பறக்கவிடுவதற்கு அதன் உறுப்பினர்கள் இடம் தருவதில்லை. ஆக, உங்கள் பெட்டியில் உள்ள ட்ரோன் பெட்டியிலேயே இருக்கும்.

ஆராய்ச்சியாளருக்கு மட்டும் ஏன் சலுகை? 2015 டிசம்பரில் தீபகற்பத்தின் நுனியிலுள்ள டேஞ்சர் தீவுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த எச்சக் கறைகளை வைத்து அங்கே பெங்குவின்கள் இருக்கலாம் என்று ஊகித்த குழுவினர், ட்ரோனை வரிசை வரிசையாகப் பறக்கவிட்டுப் படமெடுத்துக் கணினியால் எண்ணினார்கள். 2018-இல் வெளியான கணக்கு: 7,51,527 ஜோடி அடேலி பெங்குவின்கள்! காலால் நடந்து எண்ணியிருந்தால் எத்தனை கூடுகளுக்கு நடுவே மிதித்திருக்க வேண்டும்! ஒரே கருவிதான். என்ன கேள்விக்காக, எந்த உயரத்தில், எத்தனை முறை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பறப்பதில்தான் வேறுபாடு.

இந்த அனுமதி முறையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. ஒவ்வொரு கப்பலும் தன் பாதிப்பு சிறியது என்று தனித்தனியே எழுதிக் கொடுக்கிறது. தனித்தனியே அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 1990-களின் தொடக்கத்தில் ஒரு பருவத்துக்கு 7,000 பேர் அளவில் சென்ற இடத்துக்கு 2023-24 பருவத்தில் 1,20,000 பேருக்கு மேல் சென்றார்கள். அவர்களும் பெரும்பாலும் ஒரே தீபகற்பத்துக்கு, ஒரே சில கரைகளுக்குச் செல்கிறார்கள். கப்பல் புகையின் கரித்துகள் பனிமேல் படிந்து, சூரிய ஒளியை உறிஞ்சிப் பனியை விரைவில் உருக்குகிறது. ஒரு பயணிக்கு ஏறத்தாழ 83 டன் பனி இவ்வாறு முன்னதாக உருகுகிறது என்று 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்தக் கூட்டுத்தொகையைத் தனித்தனி அறிக்கைகளில் முழுமையாகப் பிடிப்பது கடினம்.

500-க்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் எவரையும் கரையிறக்கக் கூடாது, ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது என்று 2009-இல் நாடுகள் கூடி முடிவு செய்தன. பயண நிறுவனங்களின் சங்கம் அதைப் பின்பற்றி வருகிறது. ஆனால் சட்டமாக அது நடைமுறைக்கு வர எல்லா நாடுகளின் ஒப்புதலும் வேண்டும். பத்தாண்டுகள் கடந்தும் அது முழுமையாகக் கிடைக்கவில்லை. 2024 மே மாதத்தில் நம் கொச்சியில் ஒப்பந்த நாடுகளின் கூட்டம் நடந்தபோது, சுற்றுலாவுக்கென முழுமையான ஒரு விதித்தொகுப்பு வேண்டும் என்பதற்காகவே தனிக் குழு அமைத்துப் பேசினார்கள். வாக்குரிமை உள்ள நாடுகள் 29. அவற்றில் ஒன்று தலையசைக்க மறுத்தாலும் முடிவு நிற்காது.